கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் மருத்துவர்கள், பேராசிரியர்கள். நான் இரண்டும் இல்லை. கோலார் தங்கவயலில் பிறந்து, பெங்களூருக்கு வந்து, 31 வருஷம் மருத்துவமனை ரெக்கார்ட் ரூமில் வேலை பார்த்தவன். எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், ரெக்கார்ட் ரூம் பெரும்பாலும் தரைக்குக் கீழேதான் இருக்கும். பக்கத்தில் சவக்கிடங்கு, எதிரே ஜெனரேட்டர். நோயாளியைப் பற்றிய அத்தனை எழுத்தும் கடைசியில் வந்து சேரும் இடம் அது. நான் வேலை பார்த்த இடத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இன்று சொல்லப்போகும் சில சங்கதிகளுக்கு அந்த இடம் பெயரில்லாமல் இருப்பதே நல்லது.

அழைப்பிதழில் தலைப்பை நீளமாக அச்சிட்டிருக்கிறார்கள்: வசதி குறைந்த மருத்துவ அமைப்புகளில் மின்னணுப் பதிவேடு எதிர்கொள்ளும் சிக்கல்கள். நான் பேச வந்தது ஒரு நோட்டைப் பற்றி. ஓபி கவுண்டரில், மருந்து கொடுக்கும் ஜன்னலில், கர்ப்பிணிகள் கிளினிக்கில், கம்ப்யூட்டர் வந்து வருஷங்கள் ஆன பிறகும் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும். அட்டை கிழிந்து, முதுகில் பிளாஸ்டர் ஒட்டி, நடுவில் நூலில் கட்டிய பேனாவோடு. அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் அது மேஜை டிராயருக்குள் போய்விடும்.

அது ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்று கேட்டால், ‘ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டர் பழகவில்லை’ என்பார்கள். அதே ஊழியர் வாட்ஸாப்பில் பேரனுக்கு வீடியோ எடிட் செய்து அனுப்புகிறார். பழக்கம் காரணமில்லை.

முதலில் காகிதத்துக்கு அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். எங்கள் அறையில் ஃபைல்களை நம்பர் வரிசையில் அடுக்க மாட்டோம். கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து அடுக்குவோம். 48 என்று முடியும் அத்தனை ஃபைலும் ஒரே தட்டில், ஒரே நிறப் பட்டையோடு. புது ஃபைல்கள் எல்லாம் ஒரு மூலையில் குவியாமல் அறை முழுக்கப் பரவும். தப்பான தட்டில் செருகினால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ஃபைலை உருவினால் அந்த இடத்தில் ஓர் அட்டை நிற்க வேண்டும்: யார் எடுத்தார், என்றைக்கு, எந்த வார்டுக்கு. டிரேசர் கார்டு என்போம். ஃபைல் திரும்பும் வரை அது காவல்காரன் மாதிரி நிற்கும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்வார்: ‘ஃபைல் காணாமப் போனா மன்னிச்சுடுவேன்டா தம்பி, கார்டு வைக்காமப் போனா மன்னிக்க மாட்டேன்.’

இந்தக் கார்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கம்ப்யூட்டரில் எழுத வேண்டியவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? 2017-இல் பிஎம்ஜே ஓபன் இதழில் 67 நாடுகளைப் பற்றிய தொகுப்பாய்வு ஒன்று வந்தது. ஆரம்ப நிலைச் சிகிச்சை தரும் மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் வங்காள தேசத்தில் 48 விநாடி, சுவீடனில் 22 நிமிஷத்துக்கும் மேல். இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிஷம். நோயாளி உட்கார்ந்து, பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து, ‘டாக்டர், போன தடவை கொடுத்த மாத்திரை சூடா இருக்கு’ என்று சொல்வதற்குள் முடிந்துபோகும் நேரம். அதற்குள் லாகின் செய்து, நோயாளியைத் தேடி, நான்கு திரையைக் கடந்து, பட்டியலிலிருந்து நோயின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அமெரிக்காவிலேயே இது சுகமாக நடக்கவில்லை. 2009-இல் ஒரு சட்டம் போட்டு, ஆயிரக்கணக்கான கோடி டாலர் ஊக்கத்தொகை கொடுத்து, மருத்துவமனைகளைக் கணினிக்கு மாற்றினார்கள். 2016-இல் வந்த ஓர் ஆய்வு, மருத்துவர் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினியிலும் மேஜை வேலையிலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போவதாகக் கண்டது. அவர்களாவது வீட்டுக்குப் போய் ராத்திரி எழுதி முடிக்கிறார்கள். நம் ஓபி டாக்டர் ஒரு மணிக்கு எழுந்தால் இரண்டு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது நம் வீட்டுச் சங்கதி.

ஒரு அம்மா வருகிறார். பெயர் குழலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருக்கும் பையன் ராய்ச்சூர்ப் பக்கம். நல்ல பையன், வேலையில் கெட்டிக்காரன். ‘ழ’ அவன் நாவில் இல்லை. பழைய கன்னடத்தில் இருந்த எழுத்துதான், பிறகு அங்கே வழக்கொழிந்து போனது. அவன் ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டு அடிக்கிறான். திரை அடுத்ததாகக் குடும்பப் பெயர் கேட்கிறது. அதை நிரப்பாமல் மேலே போக விடாது. ‘சர்நேம் ஏனம்மா?’ என்று கன்னடத்தில் கேட்கிறான். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. பையன் ஒரு புள்ளி வைத்து நகர்கிறான். மூன்று மாதம் கழித்து மறுபடி வருகிறார். சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டார். இந்தத் தடவை கவுண்டரில் வேறு பெண். அவள் ‘இசட்-எச்’ போட்டு அடித்து, குடும்பப் பெயர் இடத்தில் கணவர் பெயரைப் போடுகிறாள். தேடினால் பழைய பதிவு வராது, அதனால் புது நம்பர். அதற்கடுத்த தடவை மகன் கூட வந்து, அம்மாவின் அப்பா பெயரை இனிஷியலாகச் சொல்கிறான். மூன்றாவது நம்பர். இப்போது சர்க்கரை ரிப்போர்ட் இரண்டாவது குழலியிடம், எக்ஸ்ரே முதல் குழலியிடம், டாக்டர் திறந்து வைத்திருப்பது மூன்றாவது குழலியை. அந்தக் குழலிக்கு எந்த நோயும் கிடையாது.

வயதும் இப்படித்தான். ‘நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும்’ என்பார்கள். திரை பிறந்த தேதி கேட்கும். வருஷத்தைக் கழித்து ஜனவரி 1 என்று போட்டுவிடுவோம். எங்கள் கணினியை நம்பினால் பெங்களூர்க்காரர்கள் பெரும்பாலும் புத்தாண்டு அன்று பிறந்தவர்கள்.

இதற்கு மருந்தாகத்தான் 2021 செப்டம்பர் 27-ஆம் தேதி ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுக்க வந்தது. ஆபா என்ற 14 இலக்க எண். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதே எண், நோயாளி சம்மதித்தால் ஒரு இடத்தின் பதிவு இன்னொரு இடத்துக்குப் போகும். நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ஓபி டோக்கன் வாங்கும் வசதியால் வரிசையும் குறைகிறது. ஆனால் எண் ஒன்றானால் பதிவு ஒன்றாகிவிடும் என்று நினைப்பது, ரேஷன் கார்டு வந்ததும் அரிசி வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைப்பது மாதிரி. அந்த எண்ணுக்குக் கீழே யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

நாங்கள் கம்ப்யூட்டருக்கு மாறிய கதைக்கு வருகிறேன். மூன்று மாதம் காகிதமும் கணினியும் சேர்ந்து ஓடட்டும், பிறகு காகிதத்தை நிறுத்திவிடலாம் என்று முடிவானது. அந்த மூன்று மாதம் ஆறு வருஷம் ஓடியது. நர்ஸ் கேஸ் ஷீட்டில் எழுதுவார், பிறகு அதையே பார்த்துக் கணினியில் அடிப்பார். ராத்திரி டூட்டியில் ஒருவர் இருந்தால் இரண்டாவது வேலை காலையில் நடக்கும், காலையில் இருப்பவருக்கு ராத்திரி நடந்தது தெரியாது, ‘நார்மல்’ என்று அடிப்பார். டிஸ்சார்ஜ் சம்மரிக்கு மாதிரிப் படிவம் ஒன்று செய்து வைத்தோம். அதை நகலெடுத்துத் திருத்திக்கொள்ளலாம். ஒருநாள் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் ஓர் ஆட்டோ டிரைவரின் சம்மரியில் ‘கருப்பை இயல்பாக உள்ளது’ என்று வந்தது. அவர் படிக்கத் தெரிந்தவர். சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து நீட்டினார். நானும் சிரித்தேன். பிறகு அந்த மாதத்துச் சம்மரிகளை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

காகிதத்தில் சோம்பேறித்தனம் வெற்றிடமாகத் தெரியும். கணினியில் அது நிறைந்த பக்கமாகத் தெரியும்.

இத்தனை சொன்னதால் கணினிக்கு எதிரி என்று என்னை நினைக்காதீர்கள். வேலை செய்த பதிவேடுகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல இந்தப் பெங்களூரிலேயே பிறந்தவை.

பெல்லாரி சாலையில் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் தேசியக் காசநோய் நிறுவனத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். 1959-இல் தொடங்கியது. 1962-இல் வந்த நாட்டின் காசநோய்த் திட்டம் அங்கே உருவானது. காசநோயாளிகள் அறியாமையால் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று அதுவரை நம்பினார்கள். அங்கிருந்த தேபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் போய்க் கேட்டார்கள். 1963-இல் வெளியான அந்த ஆய்வு வேறு கதை சொன்னது. பெரும்பாலோர் தங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை என்று அறிந்திருந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருந்தார்கள். இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார்கள். ரெக்கார்ட் ரூம்காரனாக எனக்கு அதில் படுவது வேறொன்று. வந்து போனவர்களை யாரும் திரும்பத் தேடவில்லை. தேட வேண்டுமானால் பெயரை எழுதி வைத்திருக்க வேண்டும்.

இளவயதில் ஒரு காசநோய் மையத்தில் மரப்பெட்டி ஒன்றைப் பார்த்தேன். நோயாளிகளின் சிகிச்சை அட்டைகள், அடுத்து வர வேண்டிய தேதிப்படி அடுக்கியவை. நோயாளி வந்தால் அட்டையை எடுத்து, மருந்தைக் கொடுத்து, அடுத்த தேதிக்குப் பின்னால் செருகுவார்கள். சாயங்காலம் அன்றைய தேதிக்குப் பின்னால் மிச்சமிருக்கும் அட்டைகள் வராதவர்களுடையவை. கணக்குப் போட வேண்டாம், அறிக்கை வேண்டாம். அந்த அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் சைக்கிளில் கிளம்பிவிடுவார் அந்த ஊழியர். எழுதியதற்கு அன்று சாயங்காலமே கூலி. அடுத்து எங்கே போக வேண்டும் என்று பெட்டியே சொல்லிவிட்டது.

அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளையைப் பல வருஷம் கழித்து ஒரு செல்போனில் பார்த்தேன். 2017 நவம்பரில் இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஐந்து மாநிலங்களில் தொடங்கியது. அதற்காக உருவான ‘சிம்பிள்’ என்ற ஆண்டிராய்டு செயலியில் ஆப்வியஸ், நிலென்சோ என்ற இரண்டு பெங்களூர் நிறுவனங்களின் கைவண்ணம் இருக்கிறது. பெயருக்கேற்ற பொருள். நோயாளியிடம் ஒரு சின்ன அட்டை, அதில் கியூஆர் கோடு. நர்ஸ் ஸ்கேன் செய்கிறார், குழலிக்கு எழுத்துக்கூட்டும் வேலை இல்லை. அழுத்தத்தின் இரண்டு எண், மாத்திரை, அடுத்த தேதி. முடிந்தது. நெட் இல்லாவிட்டாலும் எழுதலாம், சிக்னல் வரும்போது அதுவாகவே போய்ச் சேரும். முக்கியமான திரை வேறொன்று: தேதி தாண்டியும் வராதவர்களின் பட்டியல், பக்கத்திலேயே போன் செய்யும் பொத்தான். மரப்பெட்டியில் மிச்சமிருந்த அட்டைகள்தான் அவை.

அந்தச் செயலியைச் செய்தவர்கள் பெருமைப்பட வேண்டியது எதைச் சேர்த்தார்கள் என்பதற்காக அல்ல. ஒவ்வொரு கூட்டத்திலும் யாரோ ஒருவர் ‘இன்னும் ஒரே ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாமே, எங்கள் துறைக்கு உபயோகமாக இருக்கும்’ என்று சொல்லியிருப்பார். ஆராய்ச்சியாளருக்கு ஒன்று, நிதி கொடுத்தவருக்கு ஒன்று, தலைநகருக்கு ஒன்று. நம் கிராம நர்ஸின் கையில் இருக்கும் திரைகளில் பாதிக்கு மேல் இப்படி விருந்தாளிகளாக வந்து தங்கிவிட்ட கட்டங்கள்தான். அவற்றை நிரப்பினால் அவருக்கு எதுவும் திரும்ப வராது. மாதக் கடைசியில் ‘உன் பகுதியில் 62 சதவீதம்தான்’ என்று ஒரு திட்டு மட்டும் வரும்.

காசநோய்க்கு 2012-இல் நிக்ஷய் என்ற இணையப் பதிவு வந்தது. வந்த புதிதில் அதுவும் மேலே அனுப்பும் கணக்காகத்தான் இருந்தது. 2018 ஏப்ரலில் இருந்து அதில் பதிவான நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும் என்றார்கள். 2024 நவம்பரில் அது 1000 ஆனது. பணம் வரத் தொடங்கியதோடு பதிவின் குணமே மாறியது. ‘என் பேரை ஏத்திட்டீங்களா?’ என்று நோயாளியே கேட்கத் தொடங்கினார். கேள்வி கேட்கும் நோயாளியைவிட நல்ல தணிக்கையாளர் கிடையாது. ஆனால் வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரியும் பதிவில் இன்னொரு மாதிரியும் எழுதியிருந்த பெயர்கள் அங்கேயும் வந்து குறுக்கே நின்றன. குழலி நம்மை விடமாட்டாள்.

ஒரு முழு மருத்துவமனைக்கு இது சரிப்பட்டு வருமா என்று கேட்பீர்கள். சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் கனியாரி என்ற ஊரில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவமனை இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் படித்த மருத்துவர்கள் காட்டோரத்து மக்களுக்காகப் போய் ஆரம்பித்தது. ஏறத்தாழ 2013-இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தார் அங்கே ஒரு திறந்த மூல மென்பொருளை அமைத்தார்கள். அதற்கு வைத்த பெயர் பாம்னி. மருத்துவமனையின் துணை மையம் ஒன்று இருக்கும் வனக் கிராமத்தின் பெயர் அது. அடித்தளம் ஓபன்எம்ஆர்எஸ் என்ற இன்னொரு மென்பொருள். 2004-இல் எய்ட்ஸ் சிகிச்சைக்காகக் கென்யாவின் எல்டோரெட் நகரத்தை மனத்தில் வைத்து உருவாகத் தொடங்கி, உலகத்து ஏழை மருத்துவமனைகள் பலவற்றுக்குப் போனது. பாம்னியில் நோயாளி பதிவு, ஆய்வகம், மருந்துக் கிடங்கு மூன்றையும் ஒன்றாகப் பின்னினார்கள். டாக்டர் எழுதியது மருந்து ஜன்னலில் தெரியும், ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டர் திரைக்கே வரும். சீட்டைத் தூக்கிக்கொண்டு நோயாளியின் கணவர் மூன்று கட்டிடம் ஓட வேண்டாம். டாக்டர் தட்டச்சு செய்வதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எழுதாவிட்டால் ரிப்போர்ட் வராது.

காகிதத்திலேயே நன்றாக நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை 1982-இல் இருந்து பெங்களூர் நகரத்துப் புற்றுநோய்களைக் கணக்கெடுத்து வருகிறது. பம்பாய், மதராஸ் இரண்டோடும் சேர்ந்து தொடங்கிய தேசியப் பதிவுத் திட்டம் அது. நம் நாட்டில் மருத்துவமனைகள் தாமாக எதையும் அனுப்பாது என்று ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டு, ஆட்களை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அனுப்பினார்கள். எங்கள் அறைக்கும் வருவார்கள். பிளாஸ்க்கில் டீ கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, ஃபைல் ஃபைலாகப் பார்த்து, நோயாளி பெங்களூர்வாசிதானா, ஒரு வருஷமாவது இங்கே குடியிருந்தவரா என்று முகவரியைத் துருவுவார்கள். நோயை விட முகவரியில்தான் அவர்களுக்கு அதிக நேரம் போகும். அந்த உழைப்புக்கு மென்பொருளில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. அது இல்லாமல் எந்த மென்பொருளும் நிற்காது என்று தெரியும்.

இப்போது அந்த டிரேசர் கார்டு. கணினியில் அதற்குப் பதில் லாகின். யார் திறந்தார், எப்போது என்று தானாக எழுதிக்கொள்ளும். எங்கள் ஆஸ்பத்திரி வார்டு ஒன்றில் அந்த லாகின் ஒரு மருத்துவருடையது. பாஸ்வேர்டைப் பிளாஸ்டரில் எழுதி மானிட்டர் விளிம்பில் ஒட்டியிருந்தது. அவர் வேலையை விட்டுப் போன பிறகும் எட்டு மாதம் அவர் பெயரில்தான் வார்டு நடந்தது. தனித்தனி லாகின் கேட்டால் லைசென்ஸ் செலவு என்றார்கள். அப்போது மனநலப் பிரிவுக் கோப்புகளும் அதே திரையில்தான் திறக்கும். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளிக்குத் தன் பதிவைப் பார்க்கும் உரிமையையும், அது ரகசியமாக இருக்கும் உரிமையையும் கொடுத்தது. அந்தச் சட்டத்துக்கு ஏற்பக் கர்நாடக அரசு, நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், இந்த ஊர்த் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான ஐஐஐடி மூன்றும் சேர்ந்து 2020-இல் இ-மானஸ் என்ற தளத்தைக் கொண்டுவந்தன. யார் எதைப் பார்க்கலாம் என்பதை மென்பொருளின் அஸ்திவாரத்திலேயே யோசித்திருக்கிறார்கள். மானிட்டர் விளிம்புப் பிளாஸ்டரை எந்த அஸ்திவாரமும் தடுக்காது என்பது என் கவலை.

2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸின் சர்வர்களை இணையத்தின் வழியே யாரோ பூட்டிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் நாட்டின் முதன்மை மருத்துவமனை கையால் எழுதி ஓடியது. அந்த வாரம் எனக்கு மூன்று பழைய சகாக்கள் போன் செய்தார்கள். சந்தோஷமாக இல்லை, பயத்தில்தான். அங்கே கையால் எழுதத் தெரிந்த தலைமுறை ஒன்று மிச்சம் இருந்தது. இன்னும் பத்து வருஷம் கழித்து நடந்தால், ஃபாரம் எங்கே இருக்கிறது என்று சொல்லவே ஆள் இருக்காது.

ஓய்வு பெற்ற பிறகு சில சிறு மருத்துவமனைகள் என்னைக் கூப்பிடுகின்றன, புது சிஸ்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. மேலாளர் அறையில் பெரிய திரையில் வண்ண வண்ணப் படங்கள் காட்டுவார்கள். காபி முடிந்ததும் நான் ஓபி பக்கம் நழுவிவிடுவேன். நோட்டு எங்கே என்று தேடுவேன். கிடைத்தால் உட்கார்ந்து படிப்பேன்.

போன வருஷம் ஒரு கர்ப்பிணிகள் கிளினிக்கில் அப்படி ஒன்று கிடைத்தது. அதை எழுதுகிற சிஸ்டர் முதலில் மறைத்தார். ‘பயப்படாதீங்கம்மா, நானும் நோட்டுக்காரன்தான்’ என்றதும் கொடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஏழு பத்தி. ஆறு பத்தி கணினியிலும் இருந்தவை. ஏழாவதன் தலைப்பு ‘யார் போன்’. கணினியில் கைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம் கொண்ட ஒரே கட்டம். இவர் நோட்டில் எழுதியிருந்தது: ‘வீட்டுக்காரர் நம்பர், பகலில் எடுக்க மாட்டார். பக்கத்து மளிகைக் கடை, பெயர் சொன்னால் கூப்பிட்டுக் கொடுப்பார். அக்கா நம்பர், ராத்திரி 8-க்கு மேல். இந்த நம்பருக்குக் கர்ப்பம் பற்றிப் பேச வேண்டாம், மாமியார் எடுப்பார்.’

‘இதை சாஃப்ட்வேர்ல சேர்க்கச் சொல்லலையா?’ என்றேன்.

‘சொன்னேன் சார். ஃபீல்டு இல்லையாம்.’ நோட்டைத் திரும்ப வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார். அட்டையில் 3 என்று போட்டிருந்தது. முதல் இரண்டும் அதே டிராயரில், ரப்பர் பேண்டு போட்டு, அடியில் இருந்தன.